கூரையில் ஆள் இல்லை

கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது.

வரக்கூடாத பதில் அது. ஃபேரர் பார்க்கில் புதிதாக எழும்பியிருந்த விளையாட்டரங்கத்தின் கூரையை நகர்த்துவதற்கு முன்னர், மேலே பொருத்தப்பட்ட ஒலிபெருக்கிகள் நான்கு மொழிகளில் ஒரே கேள்வியைக் கேட்கும்: கூரையில் யாரேனும் இருக்கிறீர்களா? கேட்டபின், அங்கேயே பொருத்தப்பட்ட ஒலிவாங்கி சற்று நேரம் கேட்டுக்கொண்டிருக்கும். எஃகு வளைவுகளுக்கிடையே சுழலும் காற்றின் முனகல், புறாக்களின் நகங்கள் தகட்டைக் கீறும் ஓசை, தொலைவில் சிராங்கூன் சாலையில் பேருந்து நின்று கிளம்பும் பெருமூச்சு ஆகியவற்றைத் தவிர வேறொன்றும் கேட்காவிடில், கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் ‘கூரையில் ஆள் இல்லை’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். அதன்பிறகே மோட்டார்கள் அசையும். மௌனமே அனுமதி.

அன்று பிற்பகல் மௌனம் வரவில்லை.

“இருக்கேன்ப்பா” என்றது ஒரு பெண்குரல்.

கூரை இயக்கத் தலைமை மேலாளர் குலசிங்கம் பொத்தானை நோக்கி நீட்டிய விரலை அப்படியே நிறுத்தினார். அது அவருடைய மகள் சுபாங்கியின் குரல்.

திகைப்பு ஒரு நொடிதான். அடுத்த நொடி அவருக்கே உரிய ஏளனம் தலைதூக்கியது. இந்த அரங்கத்தில் ஒழுங்காக வேலை செய்வது என்று எதுதான் இருந்தது? இந்தக் கூரையே ஏளனத்துக்குரியது என்பது அவருடைய உறுதியான கருத்து. வெயில் ஆகாது, மழை ஆகாது, வியர்வையும் ஆகாது, ஆயினும் விளையாட்டு மட்டும் வேண்டும் என்று அடம்பிடிக்கும் கூட்டத்துக்காக இரண்டு மாபெரும் எஃகு இறக்கைகள். அவற்றைத் திறந்து மூடுவதையே ஒரு காட்சி என்று எண்ணிக் கைப்பேசியைத் தூக்கிப் பிடிக்கும் கூட்டம். கூரை மூடியிருப்பதால் புல் வாடுகிறது. வாடிய புல்லுக்குச் செயற்கை ஒளி பாய்ச்ச விளக்கு வண்டிகள். அந்த வண்டிகளின் வெப்பத்தைத் தணிக்கக் குளிரூட்டிகள். ஒரு மடமையைக் காக்க இன்னொரு மடமை, அதற்குக் காவலாக மூன்றாவது. இவை அனைத்தையும் வெறுத்துக்கொண்டே, வேறெவரையும்விடத் திறமையாக அவர் நடத்தி வந்தார். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

“பிரபாகர், இது என்ன?”

துணை மேலாளன் பிரபாகர் சுழல் நாற்காலியில் திரும்பினான். வயது முப்பதுதான், எதையும் பொருட்படுத்தாத முகம். “எது சார்?”

“மேலிருந்து பதில் வந்தது. உனக்குக் கேட்கவில்லையா?”

“ஏதோ கரகரன்னு கேட்டுச்சு. எக்கோவா இருக்கும் சார். உங்க டாட்டர் வாய்ஸ்தானே ஸ்பீக்கர்ல போகுது, அதையே மைக் திருப்பிப் பிடிச்சிருக்கும் லா.”

உண்மைதான். கேள்வியைத் தமிழில் கேட்பது சுபாங்கியின் குரல். முதலில் ஏதோ இயந்திரத்தைக் கொண்டு தமிழாக்கி, ‘கூரை மேல் எவரேனும் உள்ளது’ என்று ஒலிக்கவிட்டிருந்தார்கள். உயர்திணைக்கும் அஃறிணைக்கும் வேறுபாடு அறியாத அந்த ஓலத்தைக் கேட்ட அன்று குலசிங்கம் மேலதிகாரி தாரணியின் அறைக்கே சென்று சத்தம் போட்டார். நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்றை இப்படியா நடத்துவது என்று கேட்டார். பிறகு, தோ பாயோவில் தம் வீட்டில், பல்கலைக்கழகத்திலிருந்து வந்து கட்டிலில் சாய்ந்திருந்த மகளை எழுப்பி உட்காரவைத்து, பிழையற்ற ஒரு வாக்கியத்தைப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்தார். கைம்மாறாக அவள் கேட்டது ஒரு தட்டு மீ கோரெங் வறுத்த நூடுல்ஸ். மலாய், சீன, ஆங்கிலக் குரல்கள் ஏற்கெனவே பதிவாகியிருந்தன. அவை யாருடையவை என்று ஒருமுறை விசாரித்தார். எவருக்கும் நினைவில்லை. இந்தக் கூட்டத்துக்கு எதுதான் நினைவிருந்தது?

எதிரொலி என்றால் கேள்வியல்லவா திரும்ப வர வேண்டும்? பதில் எப்படி வரும்?

அந்த எண்ணத்தை அவர் தொடரவில்லை. கைப்பேசியில் மகளை அழைத்தார்.

“என்னப்பா? லைப்ரரில இருக்கேன், மெதுவாப் பேசுங்க.”

“ஒன்றுமில்லை. சாப்பிட்டாயா?”

“இதைக் கேக்கவா கால் பண்ணீங்க? அம்மாவைவிட மோசம்ப்பா நீங்க.” சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

முதல் தூறல் ஆடுகளத்தில் விழத் தொடங்கியிருந்தது. குலசிங்கம் உதட்டைச் சுழித்தார். “கூரையில் ஆள் இல்லை” என்று தெளிவாகச் சொல்லிப் பொத்தானை அழுத்தினார். இறக்கைகள் உறுமிக்கொண்டு நெருங்கின. ஆடுகளத்தில் இருந்த ஒளி ஒரு கீற்றாகி, நூலாகி, அணைந்தது.

*

அன்று மாலை அடுக்குமாடிக் கட்டடத்தின் மின்தூக்கியில் மனைவி சிவகாமசுந்தரியோடு அவர் நுழைந்தபின், பின்னால் வந்த சுபாங்கியின் தோளில் கதவு மோதியது. உணர்வி இருந்தும் நிற்கவில்லை, மீண்டும் மோதியது. அவள் பக்கவாட்டில் நெளிந்து உள்ளே வந்தாள்.

“லிஃப்ட்கூட என்னை மதிக்க மாட்டேங்குது” என்றாள்.

“நகர மன்றத்தில் சொல்ல வேண்டும். உருப்படியாக ஒரு கதவைக்கூடப் பராமரிக்கத் தெரியவில்லை” என்றார் குலசிங்கம்.

அடுத்த மழைக்கு மீண்டும் பதில் வந்தது. இம்முறை இன்னும் அருகில், ஒலிவாங்கியில் உதட்டை வைத்துப் பேசியதைப்போல், மூச்சின் ஈரம்கூடக் கேட்கும்படி. “இருக்கேன்ப்பா. இங்கதான் இருக்கேன்.” மேலிருந்த கண்காணிப்புக் கருவிகளை ஒவ்வொன்றாகத் திரையில் கொண்டுவந்தார். நனைந்த எஃகு. இறக்கை நகரும் தண்டவாளம். இரண்டு புறாக்கள். வேறெதுவுமில்லை. கண்ணுக்கு எதிரே ஒன்றும் இல்லாதபோது காதுக்கு அஞ்சுவது மூடர் வேலை என்று தமக்குத்தாமே கூறிக்கொண்டார். சொன்னார், அழுத்தினார்.

கூரைப் பராமரிப்புக் குழுவின் தலைவன் கோவிந்தராசு அன்று மாலை உணவகத்தில் அவரைப் பிடித்துக்கொண்டான். தஞ்சாவூர்ப் பக்கத்தவன், வாயாடி, தன்னால்தான் இந்த அரங்கமே நிற்கிறது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்பவன். முன்பெல்லாம் கூரைக்கு ஏறும் ஒவ்வொருவரும் படிக்கட்டின் அடியில் நிற்பவனிடம் தம் பெயரைச் சொல்லிவிட்டு ஏறுவர். இறங்கியதும் மீண்டும் பெயரைச் சொல்வர். ‘மருதப்பன் ஏறுறேன்’, ‘மருதப்பன் இறங்கிட்டேன்’. ஏறிய பெயரெல்லாம் இறங்கினால்தான் கூரை அசையும். கோழிகளை எண்ணிக் கூட்டில் அடைப்பதைப் போன்ற இந்த நாட்டுப்புற வழக்கத்தை எடுத்தெறிந்து, கேட்கும் கருவியைக் கொண்டுவந்தவர் குலசிங்கமே.

“சார், எங்க பசங்க இன்னும் பேரு சொல்லித்தான் ஏறுறாங்க. கோவிச்சுக்காதீங்க.”

“எதற்கு? கருவி இருக்கிறதே.”

“கருவி கேள்வில்ல கேக்குது? நாங்க ஒருநாளும் மேல நின்னு ‘யாரு இருக்கா’ன்னு கேட்டதில்ல சார். கேட்டா, எதுக்காச்சும் பதில் சொல்லணும்னு தோணிடும்.” பல் தெரியச் சிரித்தான். “நீங்க படிச்சவங்க. நான் சும்மா சொன்னேன்.”

“சும்மா இருப்பதற்கு உனக்குச் சம்பளம் தரவில்லை” என்று சொல்லிவிட்டு எழுந்தார். ஆயினும் பாதிக் கோப்பைத் தேநீரை மேசையிலேயே விட்டுச் சென்றார்.

*

ஞாயிற்றுக்கிழமை ரேஸ் கோர்ஸ் சாலையில், வழக்கமான உணவகத்தில், மூவரும் அமர்ந்தனர். பரிமாறுபவன் வாழையிலையை விரித்தான். குலசிங்கத்தின் முன்னே ஒன்று. சிவகாமசுந்தரியின் முன்னே ஒன்று. வாளியோடு நகர்ந்துவிட்டான்.

“தம்பி! கண் எங்கே இருக்கிறது? மூன்று பேர் இருக்கிறோம்.”

அவன் திரும்பி வந்தான். மேசையைப் பார்த்தான், சுபாங்கி இருந்த நாற்காலியைப் பார்த்தான். கூர்ந்து பார்த்தான், வெயிலில் சன்னலுக்கு அப்பால் இருப்பதைப் பார்ப்பவனைப்போல். “சாரி சார்” என்று முனகிவிட்டு இன்னோர் இலையைக் கொண்டுவந்தான். கோழிக்கறியின் மிளகு நெடியும், ஈர இலையின் பச்சை மணமும், பக்கத்து மேசைக் குழந்தையின் அழுகையும் சூழ்ந்திருக்க, சுபாங்கி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், உண்ணவில்லை.

“அப்பா, வெள்ளிக்கிழமை டுடோரியல்ல பேரு கூப்பிட்டாங்க. நான் ‘பிரசன்ட்’னு சொன்னேன். டியூட்டர் நிமிர்ந்து பாத்துட்டு, ஆப்சென்ட் போட்டுட்டார்.”

“எந்த மடையன் அவன்? மின்னஞ்சல் அனுப்பு. நான் எழுதித் தருகிறேன்.”

“மறுபடியும் சொன்னேன்ப்பா. சத்தமா. பக்கத்துல இருந்த நிதீஷ்கூடத் திரும்பல. அவன் தினம் என்னோட கோப்பி குடிக்கிறவன்.”

அவர் அப்போதுதான் மகளின் முகத்தை நன்றாகப் பார்த்தார். வெளுத்திருக்கவில்லை, மெலிந்திருக்கவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண் வழுக்கியது. அவளுக்குப் பின்னாலிருந்த சுவர்க் கடிகாரத்துக்குப் பார்வை தானாகச் சென்றது. மீட்டுக் கொண்டுவந்தார். மீண்டும் சென்றது. இலையைவிட்டுக் கையை எடுத்து அவள் மணிக்கட்டைப் பற்றினார். குளிர்ந்திருந்தது. மழையில் நனைந்த தகட்டின் குளிர்ச்சி.

“அம்மாவை ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கப்பா” என்றாள் சுபாங்கி, தலை நிமிராமல். “வியாழக்கிழமையிலேருந்து அம்மா எங்கிட்டப் பேசவே இல்லை.”

சிவகாமசுந்தரி ரசத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். “யார்கூடப் பேசிக்கிட்டிருக்கீங்க?” என்றாள்.

*

மறுநாள் அவர் தாரணியின் அறைக்குச் சென்றார். தமிழ்ப் பதிவை நீக்க வேண்டும் என்றார். நிகழ்ச்சிகள், வாடகை, விளம்பரம் அனைத்துக்கும் தலைவியான அவள், கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சிரித்தாள்.

“நாலு லேங்குவேஜும் கண்டிப்பா வேணும் மிஸ்டர் குலசிங்கம். டமில் சரியில்லைன்னு இதே ரூம்ல நீங்கதானே கத்துனீங்க? இப்போ டமிலே வேணாம்னா எப்படி?”

“பதிவில் கோளாறு இருக்கிறது.”

“என்ன கோளாறு?”

சொல்வதற்கு வாயைத் திறந்தார். கேள்விக்கு என் மகள் பதில் சொல்கிறாள். நான் அவள் இல்லை என்கிறேன். சொன்னபிறகு, அவள் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறாள். இதை அந்தக் குளிரூட்டிய அறையில், அந்த இளஞ்சிவப்பு நகங்களுக்கு எதிரே, ஐம்பத்தாறு வயது மனிதர் எப்படிச் சொல்வது? பிறர் இப்படிப் பேசக் கேட்டால் எப்படி நகைத்திருப்பார் என்பது அவருக்கே தெரியும். தம்முடைய ஏளனமே தம்மை எதிர்த்து நிற்பதை முதன்முறையாக உணர்ந்தார்.

“ஒன்றுமில்லை” என்றார்.

“சனிக்கிழமை மேட்ச். ஹவுஸ் ஃபுல். மழை வந்தா உடனே மூடணும், ஓக்கேவா? போன தடவை விஐபி ஒருத்தர் ஷூ நனைஞ்சிடுச்சு.”

காலணி நனைந்துவிட்டதாம்.

*

சனிக்கிழமை காலை. சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டுகள். சுபாங்கி மூன்றாவது நாற்காலியில் அமர்ந்திருந்தாள். அவள் உதடு அசைந்தது. அவர் குனிந்து காதைக் கொடுத்தார். சுவருக்கு அப்பாலிருந்து வருவதைப்போல் குரல் வந்தது.

“இன்னிக்கு மழை வருமாப்பா?”

“வரும்போல் இருக்கிறது.”

“அப்போ மூடுவீங்க.”

“மாட்டேன் அம்மா. நான் மூடமாட்டேன்.”

“கேப்பீங்கல்ல? கேட்டா நான் சொல்லணும்ப்பா. சொல்லாம இருக்க முடியலை.”

சிவகாமசுந்தரி தோசையைத் திருப்பிப்போட்டவாறே சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தாள். கணவரின் முகத்தைக் கண்டு அவள் முகம் கலங்கியது. அவர் எதிரில் இருந்த நாற்காலியை அவள் பார்த்த பார்வை, அது காலி நாற்காலி என்றே சொன்னது.

பிற்பகலில் வானம் கறுத்தது. மேற்கே புக்கித் தீமாப் பக்கமிருந்து எழுந்த மேகம், மூடாத கூரையின் இடைவெளியை மூடியது. மைதானம் முழுவதும் மனிதத் தலைகள். வறுத்த கோழியின் எண்ணெய் நெடி, பியர் நெடி, வெட்டிய புல்லின் நெடி. ஆயிரக்கணக்கான தொண்டைகளின் இரைச்சல் கண்ணாடிக்கு அப்பால் கடலைப்போல் புரண்டது. முதல் இடி. எல்லாரும் மேலே பார்த்தனர். எல்லாக் கைப்பேசிகளும் உயர்ந்தன. ஆட்டத்தை மறந்து, கூரை எப்போது மூடும் என்று வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தனர், தீனிக்கு அலகைத் திறந்த குஞ்சுகளைப்போல்.

கேள்வி ஒலித்தது. ஆங்கிலம். சீனம். மலாய். தமிழ்.

“இருக்கேன்ப்பா.”

“கூரையில் ஆள் இருக்கிறார்” என்றார் குலசிங்கம். “மூடக்கூடாது.”

பிரபாகர் திரையைப் பார்த்தான். “எங்க சார்? எல்லாக் கேமராவும் கிளியர்.”

“என் மகள் மேலே இருக்கிறாள்.”

பிரபாகரின் முகத்திலிருந்த விளையாட்டுத்தனம் வடிந்தது. மெதுவாக, நோயாளியிடம் பேசுவதைப்போல் பேசினான். “சார்... உங்களுக்குப் பிள்ளைங்க இல்லையே.”

“மடையா! அவள் குரல்தானே இப்போது கேட்டது? நீதானே அன்றைக்கு ‘உங்க டாட்டர் வாய்ஸ்’ என்றாய்?”

“நானா? அது யாரோ வாய்ஸ் சார். முன்னாடியே இருந்த ரெக்கார்டிங்.”

யாரோ. கைப்பேசியை எடுத்தார். ‘சுபாங்கி’ என்று தேடினார். அப்படியோர் எண் இல்லை. மனைவியை அழைத்தார்.

“சுபா எங்கே? அறையில் இருக்கிறாளா என்று பார்.”

“எந்தச் சுபா? ஏங்க, நீங்க காலைல இருந்தே சரியில்ல. வீட்டுக்கு வந்துடுங்க. வந்துடுங்க, ப்ளீஸ்.” அழுதுகொண்டிருந்தாள்.

தாரணியின் குரல் வாக்கி டாக்கியில் கத்தியது: ஏன் இன்னும் மூடலை, ஏன் இன்னும் மூடலை. அவர் வாக்கி டாக்கியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

படிக்கட்டு கிழக்கு வளைவுக்குள் சுழன்று ஏறியது. இருள், துருவின் மணம், மசகெண்ணெயின் மணம். அதன் அடியில் கோவிந்தராசு நின்றிருந்தான், தொப்பிக்குமேல் நெகிழித் தாளைப் போர்த்திக்கொண்டு.

“சார், மேலயா? இடி இடிக்குது சார்!” வழியில் கையை நீட்டினான். “சரி, போறதுன்னா பேரச் சொல்லிட்டுப் போங்க.”

குலசிங்கம் அவனைப் பார்த்தார். அந்த அவசரத்திலும், அந்த அச்சத்திலும், பழக்கம் விடவில்லை. ஒரு தலைமை மேலாளர், ஒரு கூலிக்காரனிடம், பள்ளிச் சிறுவனைப்போல் பெயர் கொடுப்பதா? “ஒதுங்கு” என்று அவனைத் தள்ளிவிட்டு ஏறினார்.

ஏறினார். மூச்சு இரைத்தது. கதவு. தாழ்ப்பாள். மழை முகத்தில் அறைந்தது.

கூரை பரந்து கிடந்தது. சாம்பல் நிறம். வழுக்கல். தொலைவில் ஃபேரர் பார்க்கின் அடுக்குமாடிகள் மழையில் கரைந்திருந்தன. இறக்கையின் விளிம்பில், பிளவை நோக்கிக் கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒருத்தி அமர்ந்திருந்தாள். அவருக்கு முதுகைக் காட்டி. நனைந்த கூந்தல். காலையில் உடுத்தியிருந்த அதே மஞ்சள் சட்டை.

“சுபா!”

அவள் திரும்பவில்லை. “வந்துட்டீங்களாப்பா.”

தவழ்ந்து சென்று அவள் கையைப் பற்றினார். பற்ற முடிந்தது. கனம் இருந்தது. அவர் தொண்டையிலிருந்து அழுகை வெடித்தது. “வா. எழுந்திரு. இறங்கலாம்.”

“எப்படி இறங்கறது? நீங்கதான் இல்லைன்னு சொல்லிட்டீங்களே.”

அவள் குரலில் கோபம் இல்லை.

அப்போது அவர் நிமிர்ந்தார். விளிம்பின் நீளத்தில், அவளுக்கு அப்பால், சிறிது தள்ளி ஒருவர். நரைத்த தலைமுடி, சீன முதியவர். அவருக்கும் அப்பால் முக்காடிட்ட ஒரு பெண். அதற்கும் அப்பால், மழைத்திரைக்குள், பள்ளிச் சீருடை அணிந்த ஒருவன். அனைவரும் பிளவை நோக்கிக் கால்களைத் தொங்கவிட்டிருந்தனர். அனைவரும் காத்திருந்தனர்.

ஒலிபெருக்கி கரகரத்தது. ஆங்கிலத்தில் கேள்வி. சீருடையணிந்தவன் வாயைத் திறந்து பதில் சொன்னான். சீனத்தில் கேள்வி. முதியவர் பதில் சொன்னார். மலாயில் கேள்வி. முக்காட்டுப் பெண் பதில் சொன்னாள். பிழையற்ற தமிழில், தாம் எழுதிக்கொடுத்த வாக்கியத்தில், தம் மகளின் குரலில், கேள்வி.

“இருக்கேன்ப்பா” என்றாள் சுபாங்கி.

“இருக்கிறேன்!” என்று குலசிங்கம் கதறினார். “நான் குலசிங்கம்! மேலே இருக்கிறேன்! மூடாதே!”

கையிலிருந்த வாக்கி டாக்கியில் பிரபாகரின் குரல் வந்தது. அவரிடம் பேசவில்லை, வேறொருவனிடம். “கோவிந்தராசு, மேல யாராச்சும் ஏறினாங்களா?”

இரைச்சல். பிறகு கோவிந்தராசுவின் குரல், தயங்கித் தயங்கி, எதையோ நினைவுபடுத்திக்கொள்ள முயல்பவனைப்போல். “இப்ப யாரோ... இல்ல சார். பேரு சொல்லி யாரும் ஏறலை.”

குலசிங்கம் வாக்கி டாக்கியின் பொத்தானை அழுத்தி அழுத்திக் கத்தினார். பெயரைக் கத்தினார். தம் பெயரையும், தம் தந்தையின் பெயரையும்.

“ஏதோ கரகரங்குது மேடம்” என்றான் பிரபாகர்.

“எக்கோவா இருக்கும். மூடு. கண்ட்ரோல்ல யாரு இன்சார்ஜ்?” என்றது தாரணியின் குரல்.

“நான்தான் மேடம்.”

“நீ மட்டுமா?”

“நான் மட்டும்தான்.” நாற்காலி சுழலும் ஓசை. உதட்டைச் சுழிக்கும் ஓசைகூட அவருக்குக் கேட்டது. அது அவருக்கு நன்கு பழக்கமான ஓசை. “கூரையில் ஆள் இல்லை.”

எஃகு அதிர்ந்தது. எதிர் விளிம்பு நகரத் தொடங்கியது. நெருங்கியது. கீழே பேராரவாரம் எழுந்தது. பிளவின் வழியே அவர் குனிந்து பார்த்தார். உயர்த்திய முகங்கள். உயர்த்திய கைப்பேசிகள். அத்தனையும் நேராக அவரை நோக்கி. கைதட்டல். சீழ்க்கை. ஆடுகளத்துக்கு எதிரே இருந்த மாபெரும் திரையில், நெருங்கிவரும் இரண்டு விளிம்புகளையும் நேரலையாகக் காட்டினார்கள்: மழை வழியும் வெற்று எஃகு. புறாக்கள்கூட இல்லை.

குளிர்ந்த கை ஒன்று அவர் கையைப் பற்றிக்கொண்டது.

“அழாதீங்கப்பா” என்றாள் சுபாங்கி, கால்களை ஆட்டிக்கொண்டே. “திறக்கறப்ப மறுபடியும் கேப்பாங்க.”

பிளவு கீற்றாயிற்று. நூலாயிற்று. அதன் கரையில் தொங்கிக்கொண்டிருந்த கால்களை ஒருவரும் உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை.